சார் சொன்ன ஊர்

"ஜெயிச்சவருக்கு மாலை போடலாம், தப்பில்லை. ஆனா அந்த மாலை கழுத்தோட நிக்காம காது வரைக்கும் ஏறிருச்சுன்னா..." அப்படின்னு எங்க காலேஜ் பெரியவர், தாளாளரோட அப்பா, ஒரு ஆண்டு விழாவுல மைக்கைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாருங்க. ஏறிருச்சுன்னா என்ன ஆகும்னும் சொன்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க, நானும் தட்டினேன். அந்தப் பின்பாதிதான் எவ்வளவு யோசிச்சாலும் வரமாட்டேங்குது. அன்னைக்கு மாலை எனக்குத்தான் போட்டிருந்தாங்க. ஆள் உயர ரோஜா மாலை. ஒண்ணும் சரியா காதுல விழலை.

உட்காருங்க, உட்காருங்க. இந்தப் பையை மேல வச்சுக்கிறேன், உள்ள வேட்டி சட்டைதான். நீங்களும் கோயம்புத்தூரா? நல்லதாப் போச்சு. பெட்டியில ஏர்போர்ட் சீட்டு இன்னும் தொங்குதே, கிழிக்கலையா? அமெரிக்காவா? ஆங். அப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அங்க காலேஜ் பாஸ்கெட்பால்னா ஊரே கூடுமாமே. கோச்சுக்கு உயிரோட இருக்கும்போதே சிலை வைக்கிறாங்களாம், அவர் பேரையே கிரவுண்டுக்கு வைக்கிறாங்களாம். எங்க பிரின்சிபால் போயிட்டு வந்து சொன்னாரு. நெசமா?

ம். வைப்பாங்க, வைப்பாங்க. அங்க வைப்பாங்க.

நானும் கோச்சுதாங்க. பிரகாசம்னு சொன்னா இந்தப் பக்கம் தெரியும். திண்டுக்கல்லுக்குப் பக்கத்துல ஒரு பொம்பளைப் பிள்ளைங்க காலேஜ். இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. நாங்க ஜெயிச்ச கப்பையெல்லாம் பிரின்சிபால் ரூம்ல வைக்க இடமில்லாம லைப்ரரியில வச்சிருக்காங்க. இன்னைக்குக் கூடப் பாருங்க, கோயம்புத்தூர்ல எனக்குத்தான் பாராட்டு விழா. இந்த வருஷத்துச் சிறந்த கோச்சுன்னு சால்வை போடுறாங்க. நான் மட்டுந்தான் போறேன். வீட்டுல வரலைன்னுட்டா. கூட ஒரு உதவிக் கோச்சு இருந்தா, ஹெலன்னு, என்கிட்ட ஆடின பொண்ணுதான், அவளும் வேற காலேஜுக்குப் போயிட்டா. டீம் பிள்ளைங்க இத்தனை பேர் இருக்காங்களே, ஒண்ணாவது ஃபோன் பண்ணி "வாழ்த்துகள் சார்"னு சொல்லணுமே? இல்லை. துரோகம்னா குத்துறது வெட்டுறதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேங்க. அது சத்தமே போடாம, சிரிச்ச முகத்தோட, நம்ம வீட்டுக் கோழிக் குழம்பைச் சாப்பிட்டுக்கிட்டே நடக்கும்னு இந்த வருஷந்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

சொல்றேன். நீங்களே கேட்டுட்டு நியாயம் சொல்லுங்க. நீங்க இந்த ஊர்ப் பக்கம் இல்லாதவர், உங்களுக்கு யார் பக்கமும் இல்லை.

அதோ கண்டக்டர் கத்துறாரு பாருங்க, "ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை, பொள்ளாச்சி"ன்னு. அது என்னன்னு நினைக்கிறீங்க? பஸ் போற வழி. எனக்கு அது என் வாழ்க்கைங்க.

பாஸ்கெட்பால்ல, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், நம்ம கையில பந்து வந்ததும் யார் எங்க ஓடணும், யாருக்குப் பந்து போகணும்னு முன்னாடியே பழகி வச்சிருப்போம். பெஞ்சுல இருந்து கோச்சு ஒரு வார்த்தை கத்துவார், அதைக் கேட்டு அஞ்சு பேரும் அதை ஆடணும். எல்லாரும் நம்பர் சொல்வாங்க, விரலைக் காட்டுவாங்க. எதிர் டீம் ரெண்டு தடவை பார்த்தா கண்டுபிடிச்சுரும். நான் புதுசா வேலைக்குச் சேர்ந்த காலத்துல ஒரு நாள் இதே ரூட்ல, இதே மாதிரி ஜன்னலோரமா உட்கார்ந்து வரும்போது பளிச்சுன்னு தோணுச்சு. ஊர்ப் பேரா வச்சுட்டா?

பழனின்னா மலை. பந்தை உயரத் தூக்கிப் போடணும், ரிங்குக்குப் பக்கத்துல நிக்கிற நெட்டைப் பிள்ளை எம்பிப் பிடிச்சு உள்ள போடும். உடுமலைன்னா காத்தாடி, கரண்டு எடுக்கிற காத்தாலை. மூணு பேர் ஒருத்தரை ஒருத்தர் சுத்திச் சுத்தி வரணும், எவ கையில பந்து இருக்குன்னு தெரியக் கூடாது. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட், எல்லாரும் ஒரே இடத்துல போயி நெரிக்கணும், நடுவுல ஒருத்தி நழுவிப் போகணும். பொள்ளாச்சின்னா மூலைக்குப் போயிரணும், அங்கிருந்து தூரத்து ஷாட், மூணு பாயிண்ட். எப்படி? சிரிக்கிறீங்க. கேலரியில இருந்தும் சிரிப்பாங்க. நான் எந்திரிச்சு "ஒட்டன்சத்திரம்! ஒட்டன்சத்திரம்!"னு கத்துவேன், எவனாவது "பஸ் போயிருச்சு சார், அடுத்த வண்டிக்கு வாங்க"ம்பான். சிரிக்கட்டும். கப்பு எங்ககிட்டதானே வரும்.

புதுசா ஒரு செட் பிள்ளைங்க வந்தா முதல் நாளே பந்து மேல கையை வைக்கச் சொல்லி சத்தியம் வாங்குவேன். ஊர்ப் பேரு எது எதுக்குன்னு வெளியில யாருக்கும் சொல்லக் கூடாது. இத்தனை வருஷத்துல ஒருத்தியும் சொன்னதில்லை. என் பிள்ளைங்க அப்படி. என்கிட்ட ஆடினவங்கதான் இன்னைக்கு மதுரையில, திருச்சியில, தேனியில, கரூர்ல, எந்தக் காலேஜுக்குப் போனாலும் கோச்சா உட்கார்ந்திருக்காங்க. மேட்சுக்குப் போனா எதிர் பெஞ்சுல இருந்து எந்திரிச்சு வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் ஆட்டத்தையே ஆரம்பிப்பாங்க. அதைப் பார்க்கிறப்போ ஒரு கோச்சுக்கு வேற என்ன வேணும் சொல்லுங்க.

இன்னொரு பழக்கமும் எனக்கு உண்டு. ஊர்ப் பேரைச் சொல்லிட்டேன்னா கோர்ட்டைப் பார்க்க மாட்டேன். எதிர் பெஞ்சுல இருக்கிற கோச்சு முகத்தைத்தான் பார்ப்பேன். பந்து உள்ள விழுந்துச்சா இல்லையான்னு அந்த முகமே சொல்லிரும். பந்து பின்னால ஓடுறவன் ஆட்டக்காரன், முகத்தைப் படிக்கிறவன்தான் கோச்சு. பேப்பர்ல கூட இதைப் போட்டாங்க.

அப்படி இருந்தவனுக்கு ரெண்டு வருஷம் முன்னால சனி பிடிச்சுது. எல்லா இடத்துலயும் தோல்வி. நான் கத்தின கத்துக்குத் தொண்டையில ரத்தம் வராத குறை. எதிர் பெஞ்சைப் பார்த்தா முகத்துல ஒரு பதற்றம் இல்லை, கோயில்ல உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருக்காங்க. எனக்குக் காரணம் புரிஞ்சு போச்சு. பிள்ளைங்களுக்குத் திமிர். ஃபோனைப் பார்த்துப் பார்த்து ஒடம்பு வளையலை. கிரவுண்டைச் சுத்தி ஓட விட்டேன். தோத்தா ரவுண்டு, கேள்வி கேட்டா ரவுண்டு, முணுமுணுத்தா ரவுண்டு.

இந்த வருஷம் பாருங்க, வைத்தியம் வேலை செஞ்சிருச்சு. தொட்டதெல்லாம் ஜெயம். நான் "பழனி"ன்னு கத்துவேன், எதிர் கோச்சு முகம் வெளுத்துப் போகும். "உடுமலை"ன்னா தலையில கையை வச்சுக்குவா. அப்பா, அந்த முகங்களைப் பார்க்க எவ்வளவு நாளாச்சு! வீட்டுக்கு வந்து லூர்துகிட்ட, என் வீட்டுக்காரிங்க, மணிக்கணக்கா சொல்லுவேன். அவளும் தோசையைத் திருப்பிக்கிட்டே "அப்படியா, அப்படியா"ம்பா.

கேப்டன் யாரு தெரியுமா? மகுடீஸ்வரி. மகுடின்னுதான் கூப்பிடுவோம். வத்தலகுண்டுப் பொண்ணு, அப்பா வாழைக்காய் மண்டியில சுமை தூக்குறவர். உயரம் கம்மிதான், ஆனா பந்தை ஏத்திக்கிட்டு வந்தா பாம்பு போற மாதிரி இருக்கும். வாயும் ஜாஸ்தி. அவளை நான்தான் ஸ்கூல் மேட்ச்ல பார்த்துத் தூக்கிட்டு வந்தேன். அவங்க அம்மா அனுப்ப மாட்டேன்னுச்சு. "பொட்டப் பிள்ளை டவுசரைப் போட்டுக்கிட்டு ஓடி என்னத்தைச் சாமி சம்பாதிக்கப் போகுது?"ன்னு கேட்டுச்சு. நான் அவங்க வாசல்ல நின்னு வாக்குக் கொடுத்தேன். "யுனிவர்சிட்டி டீம்ல ஆட வைக்கிறேம்மா. அதுல ஆடிட்டா போலீஸ்ல விளையாட்டுக் கோட்டாவுல எடுத்துக்குவாங்க. அது என் பொறுப்பு"ன்னு.

யுனிவர்சிட்டி டீம் எப்படின்னா, காலேஜுகளுக்குள்ள நடக்கிற போட்டியில எந்த டீம் ஜெயிக்குதோ அந்தக் கோச்சுதான் அந்த வருஷம் யுனிவர்சிட்டிக்கும் கோச்சு. மறுநாளே செலக்‌ஷன். பக்கத்துல ரெண்டு பேர் பேருக்கு உட்காருவாங்க, கோச்சு சொல்றதுதான். மகுடி வந்த முதல் ரெண்டு வருஷமும் நாங்க தோத்துட்டோம் இல்லையா, ஜெயிச்சவங்க அவங்கவங்க பிள்ளைங்களை எடுத்துக்கிட்டாங்க. இது மகுடிக்குக் கடைசி வருஷம். இந்த வருஷம் விட்டா அப்புறம் டீமும் இல்லை, கோட்டாவும் இல்லை, அவ அம்மா பார்த்து வச்சிருக்கிற மாப்பிள்ளைதான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஃபைனல் எங்க கிரவுண்டுலயே. எதிர்ல மதுரை டீம். கோச்சு சுகந்தி, அவளும் நம்ம பிள்ளைதான், என் முதல் செட்டு கேப்டன். வந்து காலைத் தொட்டா. "நல்லா இரும்மா, ஆனா ஜெயிக்க விட மாட்டேன்"னேன். சிரிச்சா.

ஆட்டம் பிரமாதமாப் போகுது. சுகந்தி முகம் செத்துக்கிட்டு இருக்கு. அப்ப எங்க பிள்ளை ஒண்ணுக்குக் கால் பிசகிருச்சு. ஹெலன் ஒரு நிமிஷம் தயங்கினா. பெஞ்சுல அடி, காய்ச்சல்னு இல்லாம இருந்தது அனுசுயா ஒண்ணுதான். ராஜபாளையத்துப் பொண்ணு, வேற காலேஜுல இருந்து மாறி வந்து ரெண்டு வாரந்தான் ஆச்சு. ஊர்ப் பேரெல்லாம் மனப்பாடம் பண்ணியிருக்கு, நான்தான் சொல்லிக் கொடுத்தேன். "போம்மா உள்ள"ன்னேன்.

பந்து எங்களுக்கு. நான் எந்திரிச்சு "பழனி!"ன்னு கத்துனேன். கத்திட்டு வழக்கம்போல சுகந்தி முகத்தைப் பார்க்கிறேன்.

சுகந்தி என்னைப் பார்க்கலை. கோர்ட்டைப் பார்த்து வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா.

திரும்பிப் பார்த்தா, இந்த அனுசுயா பந்தை உயரத் தூக்கி ரிங்குப் பக்கமா போட்டிருக்கு. அழகான பழனி. ஆனா அங்க பிடிக்க ஆளே இல்லை! மத்தவங்க நடுவுல சுத்திச் சுத்தி வந்துக்கிட்டு இருக்காங்க, காத்தாடி மாதிரி. பந்து சும்மா விழுந்து, குதிச்சு, உருண்டு, நேரா என் காலுக்கிட்ட வந்து நின்னுச்சு.

மகுடி ஓடி வந்தா. பின்னாலேயே அனுசுயா. என்னைக் கவனிக்காம அந்தப் பிள்ளை மேல பாயுறா:

"ஏண்டி, சார் சொன்னதை அப்படியேவா ஆடுவ?"

"சார் பழனின்னுதானேக்கா சொன்னாரு?"

"அவர் பழனின்னா நம்ம உடுமலைடி! சார் சொன்ன ஊர்ல இறங்கக் கூடாது, அடுத்த ஊர்ல இறங்கணும். உனக்கு ஒருத்தியும் சொல்லலையா?"

குனிஞ்சு பந்தை எடுத்தா. அப்பத்தான் என் ஷூவைப் பார்த்தா. ஷூவுல இருந்து மெதுவா மேல பார்த்துக்கிட்டே வந்தா. என் முகத்தைப் பார்த்ததும் அவ கண்ணு ரெண்டும்... சரி விடுங்க.

தண்ணி இருக்கா? கொஞ்சம் குடுங்க.

அதுக்கப்புறம் நான் ஒண்ணும் பேசலைங்க. போயி நாற்காலியில உட்கார்ந்து கையைக் கட்டிக்கிட்டேன். நான் சொன்னா கேக்க மாட்டீங்க இல்ல? ஆடுங்க, உங்க இஷ்டத்துக்கு ஆடுங்க.

இங்கதான் வேடிக்கை. ஆட முடியலை! அடுத்த ஊருன்னா, நான் ஒரு ஊர் சொன்னாத்தானே அடுத்த ஊர்? பந்தை வச்சுக்கிட்டு அஞ்சு பேரும் என் வாயவே பார்க்கிறாங்க. மதுரைப் பிள்ளைங்க பிடுங்கிட்டுப் போயி போடுறாங்க. மறுபடி பந்து வருது, மறுபடி என்னையே பார்க்கிறாங்க. முன்னால இருந்த பாயிண்டெல்லாம் கரையுது. கேலரியில ஒருத்தன், "சார், டிக்கெட் எடுத்தாச்சு, வண்டியை எடுங்க!"ன்னு கத்துறான். ஹெலன் குனிஞ்சு "டைம் அவுட் கேக்கட்டுமா சார்? உங்களுக்கு மயக்கமா இருக்கா?"ங்கிறா. எதிர் பெஞ்சுல இருந்து சுகந்தியே எந்திரிச்சு, "சார், உடம்புக்கு ஆகலையா?"ன்னு கேக்கிறா. அவ ஜெயிச்சுக்கிட்டு இருக்கா, அப்பவும் கேக்கிறா. நடிப்பு.

மகுடி கோர்ட் ஓரத்துல பந்தைத் தட்டிக்கிட்டே வந்து நின்னா. மூச்சு வாங்குது. "சார், ஒரு ஊர் சொல்லுங்க சார்."

கட்டின கையை நான் அவிழ்க்கலை.

"சார், எந்த ஊர்னாலும் சரி. சொல்லுங்க சார். தோத்துருவோம் சார்."

கெஞ்சினா பாருங்க. அந்த வாயாடி. நான் அவ முகத்தை விட்டுட்டு வானத்தைப் பார்த்தேன். ஆனா தோத்தா யுனிவர்சிட்டிக் கோச்சு நான் இல்லையே. அதனால இல்லைங்க, அதனால இல்லை. காலேஜ் மானம் இருக்குல்ல? அதுக்காகத்தான் கடைசியில எந்திரிச்சேன். "பழனி!"

அன்னைக்குத்தான் பல வருஷத்துக்கு அப்புறம் எதிர் பெஞ்சைப் பார்க்காம கோர்ட்டைப் பார்த்தேன். மதுரை டீம்ல நெட்டையா ஒருத்தி, நான் 'ப'ன்னு வாயைத் திறக்கும்போதே ரிங்குக்குப் பக்கத்துல போயி நின்னுட்டா. எங்க பிள்ளைங்க மூணு பேரும் நடுவுல சுத்தினாங்க. என்ன வேகம், என்ன ஒரு நெளிவு. எவ கையில பந்துன்னு எனக்கே தெரியலை. மகுடி நுழைஞ்சு போட்டா. அப்புறம் "உடுமலை"ன்னேன், மூலையில இருந்து பொள்ளாச்சி ஷாட். "பொள்ளாச்சி"ன்னேன், திரும்பி வந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல நெரிச்சாங்க. ஜெயிச்சுட்டாங்க. நல்லாத்தான் ஆடினாங்க. அதுதாங்க எனக்கு வயித்தெரிச்சல். கேவலமா ஆடியிருந்தா மன்னிச்சிருப்பேன்.

கப்பு வாங்கினேன். மாலை போட்டாங்க. பேப்பர்காரர் "வெற்றியோட ரகசியம் என்ன சார்?"னு கேட்டாரு. "கட்டுப்பாடு"ன்னேன். பின்னால பிள்ளைங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

சுகந்தியை ஓரமாக் கூப்பிட்டேன். "ஏம்மா, நம்ம ஊர்ப் பேரையெல்லாம் உன் பிள்ளைங்களுக்குச் சொல்லிட்டியா? சத்தியம் பண்ணியே?"

"வெளியில யாருக்கும் சொல்லலை சார். கத்துக் கொடுத்தேன்" அப்படிங்கிறா. "நான் மட்டுமா சார்? தேனியில, திருச்சியில எல்லாரும் நீங்க கொடுத்ததைத்தான் வச்சுக்கிட்டு இருக்கோம். தெரிஞ்சதை எப்படி சார் தெரியாத மாதிரி வச்சுக்கிறது?"

பாருங்க பேச்சை. சோறு போட்ட கையையே கடிக்கிறாளேன்னு நினைச்சேன்.

அன்னைக்குச் சாயங்காலம் மகுடியும் ஹெலனும் வீட்டுக்கு வந்தாங்க. ஞாயித்துக்கிழமையானா டீமே எங்க வீட்டுலதான் சாப்பிடும், அதனால கேட்டைத் திறந்துக்கிட்டு நேரா உள்ள வர்ற பழக்கம். அன்னைக்கு வாசல்லயே நின்னாங்க. லூர்துதான் "உள்ள வாங்கடி, என்ன புதுசா"ன்னு கூப்பிட்டா.

"யார் யோசனை இது?"ன்னு கேட்டேன்.

"என்னோடது சார்"னா மகுடி. மென்னு முழுங்கலை, டக்குன்னு சொன்னா.

"ஹெலன், உனக்குத் தெரியுமா?"

ஹெலன் தரையைப் பார்த்தா.

"அவங்களைக் கேக்காதீங்க சார். போன வருஷம் கரூர்ல நீங்க பழனின்னு கத்துனீங்க. நான் பந்தைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி அந்த டீம் பிள்ளை ரிங்குக்கிட்ட போயி நின்னுருச்சு சார். நின்னுக்கிட்டு என்னைப் பார்த்து, 'வாங்க, முடி இறக்கவா வந்தீங்க?'ன்னு சிரிக்குது. எனக்கு எப்படி இருக்கும்?"

"அப்ப என்கிட்ட வந்து சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னோமே சார்."

"எப்ப சொன்னீங்க?"

"கரூர்ல சொன்னோம். தேனியில சொன்னோம். ஹாஸ்டல் வாசல்ல வச்சுச் சொன்னோம். ரவுண்டு ஓடச் சொன்னீங்க."

எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லைங்க. சத்தியமா இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைங்க வாய் கூசாமப் பேசுறாங்க.

"ஊர்ப் பேரையாவது மாத்துங்கன்னு ஹெலனக்கா கேட்டாங்க. 'பேரை மாத்துறதுக்கு நான் என்ன கட்சியா?'ன்னு கேட்டீங்க. சரின்னு நாங்களே ஒரு ஊர் தள்ளி இறங்கிக்கிட்டோம். நீங்க கத்துறது நீங்க கத்துன மாதிரி, நாங்க ஜெயிக்கிறது நாங்க ஜெயிச்ச மாதிரி. யாருக்கு சார் நஷ்டம்?"

"வருஷம் பூரா என்னை முட்டாளாக்கி வச்சிருக்கீங்க."

"முட்டாள்னு நினைச்சிருந்தா நாங்க வேற என்னவாவது வச்சிருப்போம் சார். உங்க குரலைக் கேட்டுத்தானே ஆடினோம்? நீங்க வாயை மூடுனதும் எங்களுக்குக் கால் ஓடலையே. பார்த்தீங்கல்ல?" அப்படின்னவ குரல் கொஞ்சம் உடைஞ்சுது. "ரவுண்டு ஓடச் சொல்லுங்க சார், விடியுற வரைக்கும் ஓடுறோம். இப்படிப் பேசாம மட்டும் இருக்காதீங்க."

அழுதா என்னவாம்? நடந்தது நடந்ததுதானே.

அப்ப அடுப்படியில இருந்து லூர்து குரல் கொடுத்தா. "எனக்கும் தெரியும். நான்தான் உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னேன்."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுருச்சு. "உனக்குமா?"

"ஆமா. ஒவ்வொரு மேட்சும் முடிஞ்சு வந்து, 'இன்னைக்கு என் பழனியைப் பார்த்து அவ முகம் எப்படிச் செத்துச்சு தெரியுமா'ன்னு சின்னப் பிள்ளையாட்டம் சொல்லுவீங்க. ரெண்டு வருஷமா சரியாச் சாப்பிடாத மனுஷன் நாலு தோசை கூடச் சாப்பிடுறீங்க. அதைக் கெடுப்பேனா?"

தோசையைச் சொல்றா பாருங்க! நான் மானத்தைப் பத்திப் பேசுறேன், அவ தோசையைப் பத்திப் பேசுறா. என் வீட்டு ஹால்ல உட்கார்ந்து, என் வீட்டுக் குழம்பை ஊத்திச் சாப்பிட்டுக்கிட்டு, பொண்டாட்டியில இருந்து கேப்டன் வரைக்கும் அத்தனை பேரும் சேர்ந்து பேசி வச்சிருக்காங்க. உலகத்துல இந்த விஷயம் தெரியாத ஆள் நான் ஒருத்தன். நானும், ராஜபாளையத்துல இருந்து வந்த அந்த அனுசுயாவும்.

போகும்போது மகுடி செருப்பை மாட்டிக்கிட்டே திரும்பினா. "சார், நாளைக்கு செலக்‌ஷன். அம்மாவும் வர்றேன்னு சொல்லியிருக்கு. உங்களைப் பார்க்கணுமாம். வாழைப்பழம் கொண்டாருதாம்." அவ்வளவுதான் சொன்னா. "என்னை எடுங்க"ன்னு ஒரு வார்த்தை கேக்கலை. எடுப்பேன்னு அவ்வளவு நம்பிக்கை. இல்ல அவ்வளவு திமிர். எதுன்னு நீங்களே சொல்லுங்க.

நான் பழி வாங்குற ஆள் இல்லைங்க. என்னைத் தெரிஞ்சவங்க யாரை வேணும்னாலும் கேளுங்க. ராத்திரி ஜெபம் பண்ணிட்டுத்தான் படுத்தேன். ஒரு கோச்சுக்கு எது முக்கியம்னு யோசிச்சேன். திறமை எல்லார்கிட்டயும் இருக்கு. சொன்னதைக் கேக்கிற குணம் எத்தனை பேர்கிட்ட இருக்கு? இதுல சொந்தக் கோபம் எங்க இருக்கு? லூர்து அதைப் புரிஞ்சுக்க மாட்டேங்குறா. காலையில டிபனை மேசையில வச்சுட்டு, "அந்தப் பிள்ளை வாழ்க்கைங்க அது"ன்னு சொன்னா. நான் சட்டைப் பட்டனைப் போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

கிரவுண்டுல எல்லாக் காலேஜுப் பிள்ளைங்களும் வந்திருந்தாங்க. ஆடிக் காட்டினாங்க. மகுடி நல்லாத்தான் ஆடினா, இல்லைன்னு சொல்ல மாட்டேன். அனுசுயா பயத்துல ரெண்டு பாஸை வெளியில விட்டுச்சு. கேலரியில ஒரு அம்மா மஞ்சப் பையை மடியில வச்சுக்கிட்டு, என்னைப் பார்க்கிறப்பெல்லாம் எந்திரிச்சுக் கும்பிட்டுக்கிட்டே இருந்துச்சு.

முடிஞ்சதும் ஆபீஸ் ரூம்ல உட்கார்ந்தோம். பக்கத்துல இருந்த ரெண்டு பேரும், "நீங்க பார்த்துச் சொல்லுங்க சார், உங்களுக்குத் தெரியாததா"ன்னாங்க. நான் ஒவ்வொரு பேராச் சொல்லச் சொல்ல ஒருத்தர் எழுதிக்கிட்டே வந்தாரு. கடைசி இடம் பாக்கி இருந்துச்சு. பந்தை ஏத்திக்கிட்டு வர்ற ஆளோட இடம். அவரு பேனாவை வச்சுக்கிட்டு நிமிர்ந்து, "இது உங்க கேப்டன்தானே சார், மகுடீஸ்வரின்னு எழுதிரட்டுமா?"ன்னு கேட்டாரு.

"அனுசுயா"ன்னு சொன்னேன்.